விலை மட்டும் சொல்லாத கணக்கு: இப்னு பதூதா கண்ட கடைத்தெருக்கள்

விலைவாசி உயரும்போதெல்லாம் நம் வீடுகளில் ஓர் ஒப்பீடு எழுகிறது. துபாயில் பணிபுரியும் மகன் அங்குள்ள வெங்காய விலையைச் சொல்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் மாமா அங்குள்ள ஆட்டிறைச்சியின் விலையைச் சொல்கிறார். ஊரில் இருக்கும் உம்மா இரண்டையும் ரூபாயாக மாற்றிப் பார்த்து, எந்த ஊர் மலிவு என்று தீர்ப்பளிக்கிறார். இவ்வழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. ஏறத்தாழ 670 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் பயணி இதை எழுத்தில் செய்து வைத்திருக்கிறார்.

அவர் இப்னு பதூதா. 1304ஆம் ஆண்டு மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்தார். 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர், 1349இல்தான் தாயகம் திரும்பினார். இடையில் எகிப்து, சிரியா, டெல்லி, மாலத்தீவு, இலங்கை எனப் பல நாடுகளில் வாழ்ந்தார். நம் மண்ணுக்கும் அவர் அந்நியரல்லர். இலங்கையிலிருந்து கடலேறி, கப்பல் சேதமுற்று, மஅபர் எனப்பட்ட தமிழகக் கரையில் ஒதுங்கி, மதுரை சுல்தானின் விருந்தினராகத் தங்கியவர் அவர். தாம் கண்டவற்றை அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் தொகுத்த பயண நூல் 1355இல் நிறைவுற்றது. அந்நூலில் அரசவைகளுக்கும் தர்காக்களுக்கும் இடையே கடைத்தெருக்களும் இடம்பெறுகின்றன.

தாயகம் திரும்பிய இப்னு பதூதா, மொராக்கோவே மலிவான நாடு என்று வாதிடுகிறார். அவ்வாதத்தை அவர் நிறுவும் முறை கவனிக்கத்தக்கது. எகிப்தில் 18 ஊக்கியா எடையுள்ள ஆட்டிறைச்சி ஒரு நுக்ரா திர்ஹத்துக்கு விற்கப்பட்டது. அந்த ஒரு திர்ஹம் மொராக்கோவின் 6 சிறிய திர்ஹங்களுக்குச் சமம். மொராக்கோவிலோ, விலை ஏறியிருக்கும் காலத்திலும் அதே எடை இறைச்சி 2 சிறிய திர்ஹங்களுக்குக் கிடைத்தது. ஆகவே அங்கு விலை மூன்றில் ஒரு பங்கே. ஒரே பொருள், ஒரே எடை, இரு நாணயங்களையும் ஒன்றாக மாற்றிய கணக்கு என்ற மூன்று நிபந்தனைகளையும் அவர் கைக்கொண்டார். இன்று நாம் கைபேசியில் போடும் கணக்கும் இதுவே.

ஆயினும் அவர் நூலின் மற்றோர் இடம், இக்கணக்கு போதாது என்பதை நமக்கு உணர்த்துகிறது. 1346ஆம் ஆண்டையொட்டி அவர் வங்காளம் சென்றார். உலகில் அதைவிட மலிவான நாட்டைத் தாம் கண்டதில்லை என்கிறார். கொழுத்த கோழிகள் 8 ஒரு திர்ஹத்துக்கும், புறாக்கள் 15 ஒரு திர்ஹத்துக்கும், கொழுத்த ஆட்டுக்கடா ஒன்று 2 திர்ஹத்துக்கும் விற்பதைக் கண்டார். டெல்லி ராத்தல் கணக்கில் 25 ராத்தல் அரிசி ஒரு வெள்ளி தினாருக்கு, அதாவது 8 திர்ஹத்துக்குக் கிடைத்தது. அயலூராருக்கு இது வியப்பூட்டும் மலிவு. ஆனால் அவ்வூர் மக்களோ, இது கடும் விலையேற்றம் என்று பேசிக்கொண்டதைத் தம் காதால் கேட்டதாக அவர் பதிவு செய்கிறார்.

ஏன் அப்படிப் பேசினர்? விடை அடுத்த வரிகளிலேயே இருக்கிறது. முன்பு அங்கு வாழ்ந்த முஹம்மது அல்மஸ்மூதி என்னும் மொராக்கோ நாட்டுப் பெரியவர், தாமும் மனைவியும் பணியாளரும் ஆக மூவர் ஓராண்டு உண்பதற்கு 8 திர்ஹமே செலவிட்டதாக அவரிடம் கூறியிருந்தார். அப்போது 8 திர்ஹத்துக்கு 80 ராத்தல் நெல் கிடைக்கும். குத்தி எடுத்தால் 50 ராத்தல் அரிசி தேறும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். முன்பு 8 திர்ஹத்துக்கு 50 ராத்தல் அரிசி. இப்போது 25 ராத்தல். விலை சரியாக இரு மடங்காகியிருந்தது. பயணி தம் ஊர் விலையோடு ஒப்பிட்டு மலிவு என்றார். ஊர்மக்கள் தங்கள் நேற்றைய விலையோடு ஒப்பிட்டுத் துன்பம் என்றனர். இருவர் சொன்னதும் உண்மையே.

இதைவிட ஆழமான ஒரு செய்தியும் அதே பக்கங்களில் உண்டு. அங்குள்ள ஆற்றங்கரைக் கிராமங்களின் உழவர்கள் தங்கள் விளைச்சலில் பாதியை அரசுக்குச் செலுத்தினர். அதற்கு மேல் வேறு வரிகளும் இருந்தன. சந்தைப் பொருள்களின் விலைப் பட்டியலிலேயே, அழகிய அடிமைப் பெண் ஒருத்தியின் விலை ஒரு தங்க தினார் என்றும் அவர் குறித்திருக்கிறார். அந்த விலையில் தாமும் ஒருத்தியை வாங்கியதாகச் சொல்கிறார். அரிசியும் கோழியும் மலிந்திருந்த சந்தையில் மனிதரும் மலிந்திருந்தனர். வாங்குபவருக்கு மலிவாகத் தோன்றிய ஊர், விளைவிப்பவருக்கும் விற்கப்பட்டவருக்கும் எப்படித் தோன்றியிருக்கும் என்பதை விலைப் பட்டியல் சொல்லாது.

அதிக ஊதியமும் முழுக் கதையைச் சொல்வதில்லை. டெல்லியில் காழியாக அவருக்கு ஆண்டொன்றுக்கு 12,000 தினார் ஊதியம் விதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் வணிகர்களிடம் 55,000 தினார் கடன்பட்டதாக அவரே எழுதுகிறார். அரசவை வாழ்வின் அன்பளிப்புகளும் ஆடம்பரமும் ஊதியத்தை விழுங்கிவிட்டன. வெளிநாட்டில் பெரிய சம்பளம் என்று கேட்டவுடன் மகிழும் நாம், அங்குள்ள வாடகையையும் கடனையும் கேட்க மறந்துவிடுகிறோம் அல்லவா?

இப்னு பதூதாவுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், கெய்ரோவில் இன்னொருவர் இதே கேள்வியை வேறு திசையிலிருந்து ஆராய்ந்தார். அவர் வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி. சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபாகப் பணியாற்றியவர் ஆதலால் நிறையும் விலையும் அவருக்கு அன்றாடப் பணி. நைல் நதியின் வெள்ளம் குறைந்து எகிப்து பஞ்சத்தில் வாடிய பின், 1405இல் பஞ்சங்களின் காரணங்களை ஆராய்ந்து ஒரு சிறு நூல் எழுதினார். பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்பட்டது, நிலக் குத்தகை உயர்ந்தது, ஃபுலூஸ் என்னும் செப்புக் காசு அளவின்றிப் பெருகியது ஆகிய மூன்றையும் அவர் காரணமாகக் காட்டினார். செப்புக் காசில் கணக்கிட்டால்தான் விலை விண்ணை முட்டுகிறது. தங்கத்திலும் வெள்ளியிலும் கணக்கிட்டால் ஏற்றம் சிறிதே என்பது அவர் கண்டறிந்தது. பொருள் விலை ஏறியது போல் தோன்றிய இடத்தில், காசின் மதிப்பு இறங்கியிருந்தது.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. எகிப்து மக்களை ஏழு பிரிவினராகப் பகுத்து, விலையேற்றம் ஒவ்வொருவரையும் எவ்வாறு தாக்கியது என்று பார்த்தார். வணிகர் கையில் காசு கூடியது போல் தோன்றினாலும், செலவிடும்போது அந்த இலாபம் கரைந்தது. மாறாத தொகையை நம்பி வாழ்ந்த மார்க்க அறிஞர்களும் மாணவர்களும் பெரிதும் நொடிந்தனர். இன்றும் நம் மஹல்லாவில் பள்ளிவாசல் இமாம், முஅத்தின், மதரஸா உஸ்தாத் ஆகியோரின் சம்பளத்தை நாம் எப்போது உயர்த்தினோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்த 1405ஆம் ஆண்டு நூல் நமக்கு அருகில் வந்துவிடும்.

விலை பற்றிய அறிவு ஒரு நீதிப் பிரச்சினை என்பதை நம் மார்க்கம் தொடக்கத்திலேயே உணர்த்தியது. சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின், வியாபாரத்தை முறிக்கும் உரிமையும் அவருக்கு வழங்கப்பட்டது. விலை தெரியாத ஒருவரின் அறியாமையை இலாபமாக்கக் கூடாது என்பதே அதன் உட்கருத்து. மதீனாவில் விலை உயர்ந்தபோது, விலை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டும் அவர்கள் இணங்கவில்லை. எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்கக் கூடாது என்ற அச்சமே அதற்குக் காரணம். அதே வேளையில் பதுக்கலைப் பாவம் என்று கண்டித்தார்கள். வாங்குபவர், விற்பவர் இருவரின் உரிமையும் அங்கே எடைபோடப்பட்டது.

ஆகவே நாடுகளின் விலைகளை ஒப்பிடுவதில் தவறில்லை. ஒப்பிடும்போது, அந்த விலையைக் கொடுப்பவரின் வருவாய் எவ்வளவு, விளைவித்தவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு, மாறாத சம்பளத்தில் வாழ்பவர் நிலை என்ன என்பவற்றையும் சேர்த்துக் கேட்போம். கடல் கடந்து உழைக்கும் வாப்பாவிடம் "அங்கே எல்லாம் மலிவாமே" என்று சொல்வதற்கு முன், அவர் தமக்கென்று என்ன வாங்கி உண்கிறார் என்று கேட்போம். அல்லாஹ் நம் வருவாயில் பரக்கத்தையும் நம் நிறுவையில் நேர்மையையும் அருள்வானாக.