கடற்படைத் தளத்திலிருந்து லாரிப் பட்டறைக்கு

சிங்கப்பூரிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக 1968-இல் பிரிட்டன் அறிவித்தபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பியிருந்த நம் குடும்பங்கள் பல கலங்கிப்போயின. கருணைத்தொகையுடன் ஊர் திரும்பியோரும் உண்டு. அங்கே ஃபிட்டராக இருந்த என் அத்தா திரும்பவில்லை.

1972-இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் செயல்படத் தொடங்கியது. பெட்டிகளை இழுக்க டீசல் லாரிகள் பெருகின. ஜமாஅத்தார் சிலர் வட்டியின்றிக் கொடுத்த கடனில் அத்தா தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை தொடங்கினார்.

டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். எனவே பம்ப்பும் இன்ஜெக்டரும்தான் அதன் உயிர். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தாலே வண்டி நின்றுவிடும். ஃபில்டரை மாற்றி, காற்றை வெளியேற்றினால் ஓடும். பம்ப்பே கெட்டுவிட்டது என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. அத்தா ஒருநாளும் கேட்டதில்லை. "ஹலாலான காசுதான் வீட்டுக்கு வரணும்" என்பார். லாரிக்காரர்கள் அவரையே தேடி வந்ததற்கு அதுவே காரணம்.

கடன் அடைந்த பிறகும் அவர் கணக்கை முடிக்கவில்லை. தம்மிடம் தொழில் பழகிய இருவர் தனிப் பட்டறை வைத்தபோது, அதேபோல் வட்டியின்றிக் கொடுத்தார்.