மழைத்துளியில் பிறந்த வேதியியல் கணக்கு

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் படிந்த மாவைப் பொடித்துக் குலுக்குவார்கள். துகள்கள் மோதி ஒட்டி மணியாகத் திரளும். ஒரே மாவு, ஒரே ஈரம், ஒரே ஆட்டம். ஆனாலும் மணிகள் ஒரே அளவில் வருவதில்லை. எந்தத் துகள் எதோடு ஒட்டும் என்பது தற்செயல். சல்லடை இல்லாமல் ஜவ்வரிசி இல்லை.

மேகத்துக்குள்ளும் இதே சங்கதிதான். கலிபோர்னியாவின் சைனா லேக்கில், அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வு மையத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் டேனியல் கில்லெஸ்பி, நீர்த்துளிகள் மோதிச் சேர்ந்து பெரிதாவதைக் கணினியில் பின்தொடர ஒரு வழி கண்டு, 1975-இல் வெளியிட்டார். சராசரியை மட்டும் பார்த்தால், அதிர்ஷ்டத்தில் முந்தி வளரும் சில துளிகள் கணக்கிலேயே வராது. மழையைத் தொடங்கிவைப்பவை பெரும்பாலும் அவைதான்.

துளிகள் சேர்வதும் மூலக்கூறுகள் வினைபுரிவதும் கணக்கில் ஒரே சாதி. 1976, 1977 கட்டுரைகளில் அவர் அந்த வழியை வேதியியலுக்குக் கொண்டுவந்தார். ஒரு கலவையில் முதல் வினை நொடிக்கு 6 முறை, இரண்டாவது 2 முறை நடக்கும் நிலை என்று வையுங்கள். மொத்தம் 8; ஆகவே அடுத்த வினைக்குச் சராசரிக் காத்திருப்பு எட்டில் ஒரு நொடி. கணினி ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து அது எப்போது என்று தீர்மானிக்கும். இன்னொரு எண்ணை எடுத்து எந்த வினை என்று தீர்மானிக்கும். முதலாவதற்கு நாலில் மூன்று வாய்ப்பு. மூலக்கூறு எண்ணிக்கையைத் திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. இவ்வளவுதான்.

வேதியியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை; அதில் நியாயமும் உண்டு. ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கே இருக்கும். குடுவையில் கோடானுகோடி மூலக்கூறுகள் இருக்கும்போது அது தூசு. நூறே இருந்தால் பத்து, அதாவது பத்து சதவீதம்! செல்லுக்குள் சில புரதங்கள் அதைவிடவும் குறைவு.

அங்கேதான் கணக்குக்கு மவுசு வந்தது. லாம்டா வைரஸ் பாக்டீரியாவுக்குள் புகுந்ததும் சிலவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறும். சிலவற்றில் சத்தமின்றித் தங்கிவிடும். மரபணு ஒன்று, சூழல் ஒன்று, முடிவு மட்டும் இரண்டு. 1998-இல் ஆர்க்கின், ராஸ், மெக்காடம்ஸ் மூவரும் கில்லெஸ்பியின் வழியில் கணக்கிட்டு, எந்தப் புரதம் முந்துகிறது என்ற தற்செயலே அப்படிப் பிரிக்கப் போதும் என்று காட்டினார்கள்.

ஒவ்வொரு வினையாக எண்ணுவதால் கணினி திணறும். பல வினைகளை ஒரே தாவலில் கடக்கும் தோராய வழியை 2001-இல் கில்லெஸ்பியே தந்தார்.