பின்வாங்கத் தெரிந்த தளபதி: அட்மிரல் சொமர்வில்லும் நமது திருகோணமலையும்

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானம் ஒன்று அதிலொன்றின் மேல் விழுந்து எரிந்த கதையை யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். கூடவே ஒரு கேள்வியும் வரும். "அவ்வளவு பெரிய வெள்ளைக்காரன்ட நேவி அண்டைக்கு எங்க போன? பயந்து ஓடிட்டானா?"

வகுப்பிலும் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வதென்றால் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

அவர் பெயர் சேர் ஜேம்ஸ் சொமர்வில். 1882இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1897இல், 14 வயதில் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். வயர்லஸ் தொடர்பாடலில் நிபுணரானார். முதலாம் உலக யுத்தத்தில் உஸ்மானியருக்கு எதிரான தார்தனல்ஸ் போரில் பணியாற்றி விருதும் பெற்றார். 1938இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியானார். அந்தப் பிரிவின் தளம் நமது திருகோணமலைதான். மறு வருடமே காசநோய் என்ற சந்தேகத்தில் அவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் ஓய்வில் இருந்தவர் திரும்பி வந்தார். ரேடார் கருவிகளைக் கப்பல்களுக்குக் கொண்டுவரும் வேலையில் ஈடுபட்டார். டன்கேர்க்கில் இருந்து படையினரை மீட்கும் பணியிலும் உதவினார். 1940 ஜூன் இறுதியில் ஜிப்ரால்டரில் ஒரு கப்பற்படையைப் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே வாழ்க்கையின் மிகக் கசப்பான கட்டளை வந்தது.

பிரான்ஸ் ஜேர்மனியிடம் சரணடைந்திருந்தது. பிரெஞ்சுக் கப்பல்கள் ஹிட்லரின் கைக்குப் போய்விடும் என்று லண்டன் பயந்தது. அல்ஜீரியாவில் ஓரான் நகருக்குப் பக்கத்திலுள்ள மெர்ஸ் அல் கபீர் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நின்றன. எங்களோடு சேர், அல்லது பிரித்தானியத் துறைமுகத்துக்கு வா, அல்லது மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போ, அல்லது நீயே மூழ்கடி. நான்கும் இல்லையென்றால் சுட வேண்டும். இதுதான் கட்டளை. நேற்றுவரை தோளோடு தோள் நின்ற நண்பர்கள் மீது சுடுவதை சொமர்வில் விரும்பவில்லை. வேண்டாம் என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேலிடம் கேட்கவில்லை. 1940 ஜூலை 3ஆம் திகதி நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. அவர் கெடுவை நீடித்துக்கொண்டே போனார். மாலையில் சுட்டார். 1,297 பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். அதை நினைத்து வெட்கப்பட்டதை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மறைக்கவில்லை.

அதே வருடம் நவம்பர் 27இல் சார்டினியாவுக்குத் தெற்கே இத்தாலியக் கப்பல்களோடு மோதல். அவை ஓடத் தொடங்கின. துரத்திக்கொண்டு போயிருந்தால் பத்திரிகைகள் புகழ்ந்திருக்கும். ஆனால் அவருடைய பொறுப்பில் சரக்குக் கப்பல் தொகுதி ஒன்று இருந்தது. அதைப் பாதுகாக்கத் திரும்பிவிட்டார். உடனே லண்டன் அவர் மீது விசாரணைக்குழு அமைத்தது. குழு அவர் செய்தது சரி என்றது. 1941 மேயில் ஜேர்மனியின் பிஸ்மார்க் கப்பலின் சுக்கானை உடைத்த விமானங்கள் இவருடைய படையின் ஆர்க் ரோயல் கப்பலில் இருந்து எழுந்தவை. ஆகவே இவர் சண்டைக்குப் பயந்த மனிதர் அல்ல.

இனி நமது கடலுக்கு வருவோம். 1942 மார்ச் இறுதியில் கொழும்பில் கிழக்குக் கப்பற்படையின் பொறுப்பை ஏற்றார். அவரிடம் 5 போர்க்கப்பல்கள். எல்லாமே முதலாம் யுத்தக் காலத்தவை, அதில் 4 மெதுவானவை. பெரிய விமானந்தாங்கி 2, சிறியது 1. விமானங்கள் நூறுக்கும் குறைவு. எதிரில் அட்மிரல் நகுமோவின் 5 பெரிய விமானந்தாங்கிகள், ஏறத்தாழ 300 விமானங்கள். பேர்ள் ஹாபரைத் தாக்கிய அதே தளபதி. நான்கு மாதத்துக்கு முன்னர்தான் மலாயாக் கடலில் பிரிட்டனின் இரண்டு பெரிய கப்பல்களை ஜப்பான் விமானங்கள் ஒரே நாளில் மூழ்கடித்திருந்தன.

சொமர்வில்லின் கணக்கு எளிமையானது. தனது கப்பற்படை அழிந்தால் இந்தியாவுக்கும், எகிப்தில் போராடும் படைக்கும், பாரசீக வளைகுடா எண்ணெய்க்கும் உள்ள கடல்வழி திறந்து கிடக்கும். எனவே பகலில் எதிரியின் கண்ணில் படக்கூடாது. இரவில் ரேடார் உள்ள விமானங்களைக் கொண்டு தாக்கப் பார்க்க வேண்டும். இலங்கைக்குத் தெற்கே மூன்று நாள் காத்திருந்தார். எதிரி வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் குறையவே மாலைத்தீவின் அட்டு தீவுக்கூட்டத்துக்குப் போனார். அது ஜப்பானுக்குத் தெரியாத இரகசியத் தளம்.

இங்கேதான் அவர் தவறினார். தாக்குதல் இனி வராது என நினைத்து டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு குரூசர் கப்பல்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் பிரித்து அனுப்பினார். ஏப்ரல் 4இல் கொக்கலையில் இருந்து போன கனேடிய விமானி பேர்ச்சோல் ஜப்பான் படையைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. தன்னோடு வந்து சேரும்படி சொமர்வில் அழைத்த அந்த இரண்டு குரூசர்களும் வழியிலேயே மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். கடலில் மிதந்த 1,122 பேரை மறுநாள் அவர் அனுப்பிய கப்பல்கள் மீட்டன. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் 307 பேரோடு மூழ்கியது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அந்த உயிர்களின் கணக்கு அவர் பெயரில் எழுதப்பட வேண்டியதுதான்.

ஆனால் நகுமோ தேடி வந்த பிரதான கப்பற்படை தப்பியது. சொமர்வில் மெதுவான கப்பல்களை ஆபிரிக்காவின் மொம்பாசா பக்கம் அனுப்பினார். அவமானம் என்று பலர் நினைத்தார்கள். இரண்டு மாதத்தில், இங்கே வந்த ஐந்து ஜப்பான் விமானந்தாங்கிகளில் மூன்று மிட்வேயில் அமெரிக்கரால் அழிந்தன. 1944 தொடக்கத்தில் அவருடைய கப்பல்கள் திரும்பவும் திருகோணமலைக்கு வந்தன. ஏப்ரல் 19இல் அங்கிருந்து போய் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கினார். அமெரிக்க, ஒல்லாந்துக் கப்பல்களோடு அன்று அவருக்குக் கீழே போன ஒரு கப்பலின் பெயர் ரிஷ்லியூ. அது பிரெஞ்சுப் போர்க்கப்பல். மெர்ஸ் அல் கபீர் நடந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை.

1945இல் கடற்படையின் மிக உயர்ந்த பதவி கிடைத்தது. 1949இல் காலமானார்.

ஆகவே பிள்ளைகளின் கேள்விக்கு என் பதில்: ஆம், பின்வாங்கினார். கைதட்டல் கிடைக்காது என்று தெரிந்தே பின்வாங்கினார். நாம் ஊர்த் தலைமையையும் சங்கத் தலைமையையும் மேடையில் யார் உரத்துப் பேசுகிறார் என்று பார்த்தே தெரிவு செய்து பழகிவிட்டோம். கையில் உள்ளதை எண்ணிப் பார்த்து "இன்று வேண்டாம்" என்று சொல்பவரைக் கோழை என்கிறோம். அவர் யாரைக் காப்பாற்றினார் என்று கேட்பதில்லை.

ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் கொக்கலையிலும் நடந்தவை புத்தகங்களில் இருக்கின்றன. அந்த ஏப்ரலில் நமது ஊர்ச் சனம் எங்கே ஓடியது, என்ன சாப்பிட்டது என்பது பெரியவர்களின் வாயில்தான் இருந்தது. உங்கள் உம்மம்மாவோ மூத்தவாப்பாவோ "ஜப்பான் குண்டு போட்ட நேரம்" என்று ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். இரண்டு வரி என்றாலும் போதும்.