இழுபட்ட கம்பி
சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது 1870-71-இல். உள்ளே செம்பு, மேலே கட்டாப்பெர்ச்சா என்னும் காட்டுமரப் பால். நம் பால்மரத்தைப் போலக் கீறவில்லை, மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள்!

ஆழ்கடலில் இறங்கும் கம்பி தன் பாரத்தாலேயே இழுபடும். இழுபட்ட கம்பியில் மின்சாரம் எப்படி ஓடும்? 1856-லேயே அளந்து பார்த்தார் கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு. இழுத்தபோது இரும்பிலும் செம்பிலும் மின்தடை கூடிற்று. காந்தம் பட்ட இரும்பிலோ, காந்தவிசையின் திசையில் தடை கூடிற்று, குறுக்கே குறைந்தது. மாற்றம் மிகச் சிறிது. அதைக் கண்டுபிடித்ததுதான் பெரிது.

இழுப்பு எப்போதும் தடையன்று. பினாங்கில் 1972-இல் தொழிற்சாலை திறந்த இன்டெல் நிறுவனம், 2003-இல் தன் சிப்புகளில் சிலிக்கானை வேண்டுமென்றே இழுத்தும் நெருக்கியும் மின்னோட்டத்தை விரைவாக்கியது. 2015-இல் டான்டலம் ஆர்சனைடு என்னும் படிகத்தில், காந்தத்தின் திசையிலேயே பாயும் மின்சாரத்துக்குத் தடை குறையக் கண்டார்கள். கெல்வினின் இரும்புக்கு நேர்மாறு.