மிச்ச நூலும் பிஞ்சுக் காலும்

கிரானி ஸ்கொயர் என்பது குரோஷா ஊசியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பின்னிக்கொண்டு போகும் சதுரம். நான்கைந்து சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைத்து, அந்த வளையத்துக்குள் மும்மூன்று தூண்கள் (உயரமான கண்ணிகள்) கொண்ட நான்கு கொத்துகளைப் பின்னினால் முதல் சுற்று முடிந்துவிடும். கொத்துகளுக்கு இடையில் விடும் சங்கிலிகள்தான் நான்கு மூலைகள். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு மூலைக்குள்ளும் இரண்டு கொத்து வரும். மூன்றாவது சுற்றிலிருந்து பக்கங்களில் உள்ள இடைவெளிகளிலும் ஒவ்வொரு கொத்து சேரும். முதல் சுற்றில் 12 தூண், அடுத்ததில் 24, அதற்கடுத்ததில் 36 என்று கணக்கு சீராக ஏறுவதால், எண்ணிக்கையில் தவறு நேர்ந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஊசியை முந்தைய சுற்றின் இடைவெளிக்குள் நுழைத்தாலே போதும். மற்றப் பின்னல்களில் செய்வதுபோல ஒவ்வொரு கண்ணியின் தலையையும் தேடிக் கோக்க வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு இந்தச் சதுரத்தை முதலில் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இதுதான். இதைக் கற்றவர்கள் கைவைக்கும் முதல் பொருள்களில் குழந்தைக் காலணியும் ஒன்று. சதுரம், காலணி இரண்டில் வயதில் மூத்தது காலணி.

பிஞ்சுப் பாதத்துக்குக் கம்பளி நூலில் உறை பின்னும் வழக்கம் குரோஷாவைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது. எகிப்தில் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் நிறுவிய அன்டினோபோலிஸ் நகரத்தின் குப்பைமேட்டில், ஒரு குழந்தையின் இடது காலுக்கான உறை கிடைத்தது. ஏறத்தாழ கி.பி. 300-ஐச் சேர்ந்த இது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. செருப்பு வாருக்கு இடம்விட்டுப் பெருவிரல் தனியாகவும் மற்ற விரல்கள் சேர்ந்தும் இருக்கும்படி பின்னப்பட்டது. 2018-இல் வெளியான ஆய்வு, இதன் ஏழு நிறக் கோடுகளும் மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்பு, வோட் இலையிலிருந்து நீலம், வெல்ட் செடியிலிருந்து மஞ்சள் என மூன்றே சாயங்களைக் கலந்தும் மேல்மேலாக ஏற்றியும் வந்தவை என்று காட்டியது. சில மாதங்களில் சிறிதாகிப்போகும் ஓர் உறைக்கு இத்தனை சாயவேலை செய்திருக்கிறார்கள்.

அந்த உறை குரோஷா அல்ல. அப்படித் தவறாகச் சொல்லும் நூல்களும் உண்டு. காதுள்ள ஒற்றை ஊசியில் குட்டை நூலைக் கோத்து, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூல் முழுவதையும் இழுத்துப் பின்னும் நால்பைண்டிங் முறை அது. அப்படிப் பின்னியது எளிதில் பிரியாது. நீளமான நூலை அறுக்காமல், கொக்கியால் கண்ணிக்குள் கண்ணியாக இழுப்பது குரோஷா. நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பிரிந்து மறுபடி நூலாகிவிடும். பின்னியதைப் பிரித்து வேறொன்று பின்னும் வசதிதான் பின்னாளில் இந்தக் கலையை ஏழைக் குடும்பங்களுக்கு உகந்ததாக்கியது.

குரோஷா எங்கே தோன்றியது என்பதில் அரேபியா, சீனா, தென்னமெரிக்கா என்று பல ஊகங்கள் உலவுகின்றன. டேனிஷ் ஆய்வாளர் லிஸ் பாலுடான் இவற்றைத் தேடிப் பார்த்து, ஐரோப்பாவில் 1800-க்கு முன் இந்தப் பின்னல் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தார். கீழை நாடுகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன டாம்பூர் எம்பிராய்டரியே இதன் தாய் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் வழியே கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுவது டாம்பூர். துணியை எடுத்துவிட்டு, சங்கிலியை மட்டும் வெறுங்காற்றில் பின்னத் தொடங்கியபோது குரோஷா பிறந்தது. அச்சேறிய முதல் செய்முறைகள் நெதர்லாந்தின் 'பெனலோப்' இதழில் 1823-இல் வந்தன. அவை பட்டு நூலில் பின்னும் பணப்பைகளுக்கானவை. அன்றைக்கு இது வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு.

இதைப் பிழைப்பாக மாற்றியது அயர்லாந்தின் பெரும்பஞ்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து லட்சக்கணக்கானோர் மடிந்த அந்த ஆண்டுகளில், கார்க் நகரையடுத்த பிளாக்ராக்கில் உர்சுலின் கன்னியர் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தனர். 1847-இல் குளோன்ஸ் ஊரில் போதகரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அதே வேலையைத் தொடங்கினார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் ஒன்றை முடிக்க எடுக்கும் காலத்தில் ஒரு சிறு பங்கே குரோஷாவுக்குப் போதும். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். முதலீடும் ஒரு கொக்கி ஊசியும் நூலும்தான். வேலையைப் பிரித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. ரோஜா, இலை, திராட்சைக் கொத்து என்று ஒவ்வொரு உருவையும் தனித்தனியே பின்னி, பிறகு எல்லாவற்றையும் வலைப் பின்னலால் இணைத்தார்கள். ஒரே கழுத்துப்பட்டைக்கான பூக்கள் பல வீடுகளிலிருந்து வந்தன. சிறு துண்டுகளாகப் பின்னிப் பின்னர் இணைப்பது என்ற இந்த முறை கிரானி ஸ்கொயருக்கு முன்னோடி. இணைப்பவர் ஒருவர், பின்னுபவர் பலர் என்பதால் கூலி யார் கையில் போய்ச் சேரும் என்ற சிக்கலும் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிந்த இடம் ஆந்திராவின் நர்சாப்பூர். கோதாவரி டெல்டாவின் இந்த ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் விதைத்த குரோஷா லேஸ், ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. பூக்களைப் பின்னுபவர் வேறு, அவற்றை இணைப்பவர் வேறு, வாங்கி விற்பவர் வேறு. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் இந்தப் பெண்களைப் பற்றி எழுதிய நூல், நாளெல்லாம் உலகச் சந்தைக்காகப் பின்னியவர்கள் கணக்கேட்டில் வெறும் 'இல்லத்தரசி'களாகவும், அவர்களின் வேலை ஓய்வு நேரக் கைவேலையாகவும் கருதப்பட்டதை எடுத்துக்காட்டியது. துண்டுக்கு இவ்வளவு என்ற கூலி மிகக் குறைவாக இருந்ததற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் வழியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய லேஸை இதனோடு சேர்க்கக் கூடாது. அது திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கொக்கி ஊசிக்கு அதில் இடமில்லை.

கிரானி ஸ்கொயர் அச்சில் தலைகாட்டியது அமெரிக்காவில். இன்று தெரிந்தவற்றில் மிகப் பழைய செய்முறை, இல்லினாய்ஸ் மாநில விவசாயிகளுக்கான 'பிரெய்ரி ஃபார்மர்' இதழில் 1885 ஏப்ரல் 4 அன்று வெளிவந்தது. பண்ணைக் குடும்பங்களின் பத்திரிகையில் இது வந்தது தற்செயல் இல்லை. வெட்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வைகள் அந்த ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தன. துணியில் செய்ததையே நூலில் செய்யும் வழியாகச் சதுரம் வந்து சேர்ந்தது. சாய வேதியியலும் துணை நின்றது. 1856-இல் வில்லியம் பெர்கின் கண்டுபிடித்த மாவ் சாயத்தைத் தொடர்ந்து வந்த செயற்கைச் சாயங்களால், கடைகளில் உல்லன் நூல் முன்பு காணாத பளிச்சென்ற நிறங்களில் கிடைத்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறம் மாற்றி, கடைசிச் சுற்றைக் கறுப்பில் முடிக்கும் வழக்கம் மிச்ச நூலின் பொருந்தாத நிறங்களையெல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடக்கியது. உள்சுற்றுகளுக்கு மிகக் குறைவான நூலே தேவை. வேறெதற்கும் உதவாத துண்டு நூல் அங்கே போய்விடும்.

இதே காலத்தில் அரண்மனையிலும் கொக்கி ஊசி இருந்தது. விக்டோரியா மகாராணி தம் கடைசிக் காலத்தில் போயர் போரில் வீரம் காட்டிய படைவீரர்களுக்காக எட்டுக் கழுத்துத்துணிகளைத் தாமே பின்னினார். ஆனால் இந்தச் சதுரத்தைத் தாங்கியது ராணியின் ஆதரவைவிட வறுமைதான். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் போர்வையானது. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்குக் கூப்பன் முறை வந்தது. பின்னல் நூலும் அதில் அடக்கம். கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் கூப்பன் தரப்பட்டது என்றாலும், பிறக்கப் போகும் பிள்ளைக்கான துணிமணிகளில் பெரும்பகுதி வீட்டிலேயே பின்னித் தீர வேண்டியிருந்தது. நூலில் சிக்கனம் காட்டக் குழந்தைக் காலணியைப்போல வசதியான பொருள் வேறில்லை. ஒரு ஜோடிக்கு ஒரு கைப்பிடி நூல் போதும்.

போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. டூபாண்ட் நிறுவனம் 1950-இல் ஆர்லான் என்ற அக்ரிலிக் இழையை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. கம்பளிபோல் சுருங்காதது, அரிக்காதது, மலிவானது, எந்திரத்தில் துவைக்கத்தக்கது. 1960, 70-களில் சோபாக்களின்மேல் கிடந்த கிரானி ஸ்கொயர் போர்வைகளுக்கும் இளைஞர்கள் மாட்டிக்கொண்ட வெஸ்ட்களுக்கும் பெரும்பாலும் இந்த நூல்தான். தமிழ்நாட்டுக் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துத் தருவதும் பெரும்பாலும் அக்ரிலிக்கே. துண்டுகளாகப் பின்னி இணைக்கும் முறையின் உச்சமும் இங்கேதான் அரங்கேறியது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், பெண்கள் பின்னித் தந்த துண்டுகளை இணைத்து 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு விரித்த போர்வை 11,148.5 சதுர மீட்டர் பரப்போடு கின்னஸில் இடம்பெற்றது.

காலணிக்கு வருவோம். விக்டோரியா காலத்துப் பின்னல் புத்தகங்களில் குழந்தைகளுக்கான குட்டிக் காலணிச் செய்முறைகள் தவறாமல் இடம்பெறும். அடிப்பகுதி, மேற்பகுதி, கணுக்கால் பட்டை என்று வடிவம் கொடுத்துப் பின்ன வேண்டியவை அவை; கணுக்காலில் நாடா கோத்துக் கட்டுவார்கள். நடக்காத குழந்தைக்குக் கடினமான அடி தேவையில்லை, உதைத்துக் கழற்றாமல் இருந்தால் போதும் என்பதால் அந்த நாடாவுக்கே முதலிடம். வடிவம் கொடுக்கும் வேலையைச் சதுரம் தூக்கிவிட்டது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தை இரண்டாக மடித்து, ஒரு முனையைத் தைத்தால் குதிகால். மறுமுனையில் நூலோட்டிச் சுருக்கினால் விரல்பகுதி. அங்கிருந்து மேல்விளிம்பைப் பாதிவரை இணைத்தால் மீதி கால் நுழையும் வாய். வாயைச் சுற்றி ஒரு வரிசை பின்னி நாடா கோத்தால் காலணி தயார்.

இந்த எளிய வழியில் இரண்டு குறைகள் உண்டு. மடிப்பு சதுரத்தின் நடுவில் விழுவதால், ஆசையாகப் பின்னிய நடுப்பூ உள்ளங்காலுக்குக் கீழே மறைந்துவிடும். கொத்துகளுக்கு இடையிலுள்ள ஓட்டைகளில் குழந்தையின் விரல் மாட்டும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் பழகிய கைகள் அடிப்பகுதியை நெருக்கமான பின்னலில் நீள்வட்டமாகப் பின்னி, பூ தெரியும்படி ஒரு குட்டிச் சதுரத்தை மேல்பாதத்தில் பதிக்கின்றன. நிறம் மாற்றிய இடங்களில் தொங்கும் நூல் நுனிகளை ஊசியால் பின்னலுக்குள் ஓட்டிப் புதைப்பதும் கட்டாயம். உள்ளே தளர்ந்து கிடக்கும் ஒரு நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கிவிடக் கூடும்.

புதியவர்களைக் குழப்புவது பின்னலைவிடப் பெயர்தான். சதுரத்தின் தூணை பிரிட்டிஷ் புத்தகம் டிரெபிள் என்கிறது, அமெரிக்கப் புத்தகம் டபுள் குரோஷே என்கிறது. பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பது அதைவிடக் குட்டையான வேறு பின்னல். எந்த நாட்டுச் செய்முறை என்று பார்க்காமல் தொடங்கினால், பிறந்த குழந்தைக்கு என்று எடுத்த காலணி பொம்மைக்குத்தான் பொருந்தக்கூடும். கை பழகப் பழகப் பின்னல் தளர்வதால், முதல் காலணியைவிட இரண்டாவது பெரிதாகிவிடுவதும் உண்டு. இரண்டு சதுரங்களையும் ஒரே நேரத்தில் எடுத்து, இதில் ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று என்று பின்னிக்கொண்டு போனால் ஜோடி ஒத்துவரும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு உல்லன் நூல் சரி. சமவெளியின் வெக்கைக்கும் வியர்வைக்கும் பருத்தி நூலே ஏற்றது. பருத்தி அவ்வளவாக இழுபடாது என்பதால் சதுரத்தை அரை சென்டிமீட்டர் பெரிதாகவே பின்ன வேண்டும்.