சாயவேர்: கச்சத்தீவு மணலில் விளைந்த சிவப்பு

சந்தையில் விற்கும் சிவப்புச் சேலைகளுக்கு நிறம் தருவது இன்று ஆலைச் சாயம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையில் துணிக்குக் கெட்டிச் சிவப்பு வேண்டுமென்றால் மணலைத்தான் தோண்டினார்கள். அப்படிக் கிடைத்தது சாயவேர்.

சாயம் தரும் வேர் என்பதால் அந்தப் பெயர். அதே செடி வைத்தியர் வாயில் இம்பூறல். இருமலுக்கும் இரத்தம் கக்குவதற்கும் மருந்து. துணி வாங்க வந்த ஐரோப்பியர் 'சாயா' என்றும் 'சே' என்றும் எழுதிக்கொண்டார்கள். ஆங்கில அகராதிகளில் 'சே ரூட்' இன்னும் இருக்கிறது.

செடி சிறியது, இலை மெலிந்தது. சரக்கு முழுவதும் வேர்ப்பட்டையில். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, படிகாரக் கரைசலால் கோலம் எழுதி, சாயவேரோடு கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் சிவக்கும், வெளுத்தாலும் போகாது. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மணலில் விளைந்த வேருக்கு மதிப்பு அதிகம். கடற்கரையும் தீவுகளும் இந்த வேருக்குப் பேர்போனது அதனால்தான்.

பாக் நீரிணையில் சுமார் 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவில் குடிநீர் இல்லை, குடியிருப்பும் இல்லை. முட்புதரும் மணலும் அந்தோணியார் கோயிலும்தான். ஆனாலும் 1880இல் இராமநாதபுரம் ஜமீன் நிலங்களில் சாயவேர் எடுக்கப் பதிவான குத்தகையில் 70 ஊர்களோடு 11 தீவுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று கச்சத்தீவு. ஆள் வாழாத மண்ணுக்கும் விலை இருந்தது.

அந்த விலைக்கு உலை வேறெங்கோ வைத்தாகிவிட்டது. வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868இலேயே கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். டப்பாவில் வந்த சாயம் மலிவு. வேர் தோண்டும் தொழில் தேய்ந்தது, சொல்லும் நாட்டுமருந்துக் கடையோடு ஒதுங்கியது.

1974இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் தொடங்கி இன்றுவரை கச்சத்தீவைப் பற்றிய பேச்சு மீன், வலை, திருவிழா, எல்லைக்கோடு என்றே போகிறது. அவை முக்கியம்தான். ஆனால் எதற்கும் உதவாத திட்டு என்று அதைச் சொல்வது வரலாறு அறியாத பேச்சு. இராமநாதபுரக் கரையில் சாயவேர் என்ற சொல்லை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள்.