தண்டவாளம், ஸ்கைவாக், பார்க்கிங்... தி.நகரில் நாம் ஏன் குறுக்கு வழி தேடுகிறோம்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலைவிட்டு இறங்குறீங்க. படிக்கட்டு முழுக்கத் தலைகள். பிளாட்பார முனையில் ரெண்டு பேர் சட்டுனு தண்டவாளத்தில் குதித்து, அந்தப் பக்கம் ஏறிப் போயிட்டாங்க. 'நாமும் போயிடலாமா?'னு ஒரு நொடி தோணும்தானே?

அதே நேரம் உங்க நண்பர் காரில் வந்துட்டிருக்கார். "பார்க்கிங் தேடிட்டிருக்கேன் மச்சி, கடைப் பக்கத்துலயே கிடைச்சிடும்" என்று பனகல் பார்க்கை மூணாவது முறையாகச் சுற்றுகிறார். கொஞ்ச தூரத்தில் பல அடுக்கு பார்க்கிங் கட்டடம் இருப்பது அவருக்கும் தெரியும்.

ரெண்டு பேர் மனசுலயும் ஓடுவது ஒரே கணக்குதான். நடையைக் குறைக்கணும். அவருக்கு அதில் போவது பெட்ரோல். தண்டவாளத்தில் இறங்குகிறவருக்குப் போவது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஏரி இருந்த இடத்தில் ஓர் ஊர்

தி.நகர் 1920-களில் திட்டமிட்டு உருவான குடியிருப்பு. அதற்கு முன்பு அங்கே மாம்பலம் ஏரி பரந்து கிடந்தது. 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்துக்கு மேற்கே மேற்கு மாம்பலம், கிழக்கே தி.நகர். மேற்கில் வீடுகள், கிழக்கில் கடைகள் என்று ஆனபிறகு, நடுவில் இருக்கும் இந்த இரும்புக் கோட்டைத் தாண்டுவது தினசரி வேலையாகிப்போனது.

வாகனங்கள் தாண்ட துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று வழிகள் உண்டு. பெருமழை பெய்தால் இந்த ரெண்டு பெயர்களும் செய்தியில் வந்துவிடும். ஏரியைத் தூர்த்துக் கட்டிய பகுதியில், தரைக்குக் கீழே பள்ளம் தோண்டினால் மழைநீர் வேறு எங்கே போகும்?

மேலே ஏறவா, கீழே இறங்கவா?

மின்சார ரயில் பாதையில் பெட்டிக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. அதனால் நடைமேம்பாலத்தின் தளம் தண்டவாளத்திலிருந்து 6 மீட்டருக்கு மேல் இருந்தாக வேண்டும். ஒரு படி 15 செ.மீ. என்று வைத்தால் 40 படிகளுக்குக் குறையாது. கிட்டத்தட்ட ரெண்டு மாடி!

சுரங்கப்பாதைக்கு இந்தப் பிரச்னை இல்லை. மனிதர் நிமிர்ந்து நடக்கும் உயரமும், மேலே ரயிலைத் தாங்கும் கான்கிரீட்டின் தடிமனும் போதும். படிகள் பெருமளவு குறைந்துவிடும். மூட்டு வலி உள்ளவர்களைக் கேட்டால் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் தண்ணீர் தேங்கும், இரவில் தனியாகப் போகப் பயமாக இருக்கும். பாலம் கட்டினால் முழங்கால் பிரச்னை, சுரங்கம் தோண்டினால் மழைப் பிரச்னை. தி.நகர் போன்ற பள்ளமான பகுதியில் பாலம்தான் சரி என்பது என் கருத்து. லிஃப்டும் எஸ்கலேட்டரும் ஓடுகிறவரை!

புறநகர் ஸ்டேஷன் ஒன்றில் ஓடாமல் நின்ற லிஃப்டைப் பார்த்துவிட்டு, என் அம்மா படிக்கட்டுப் பக்கம் போகாமல் பிளாட்பார முனைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். சட்டம், ஆபத்து எல்லாம் அவருக்கும் தெரியும். கையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு படியாக உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். இப்படி இறங்குகிறவர்கள் எல்லோரையும் 'அலட்சியம்' என்று சொல்லிவிடுவது அதற்குப் பிறகு எனக்குச் சுலபமாக இல்லை.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம். லிஃப்ட், எஸ்கலேட்டர் உண்டு. சாதாரணமாக நடந்தால் ஏழெட்டு நிமிஷம். ரங்கநாதன் தெரு நெரிசலில் இதே தூரத்தைப் பண்டிகை நாளில் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே சொல்லுங்க!

ரயில் ஏன் மெதுவா வர்ற மாதிரி தெரியுது?

'ரயில் தூரத்துலதானே வருது, போயிடலாம்' என்று தோன்றுவதில் உங்க கண்ணுக்கும் பங்கு இருக்கு. பெரிய பொருள்கள், அவற்றின் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோல் தெரியும். 1985-ல் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் ரயில் விபத்துகளை இதை வைத்துத்தான் விளக்கினார். விமானம் தரையிறங்கும்போது மிதந்து வருவதுபோலத் தெரிகிறதே, அதே சமாச்சாரம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நீங்க ஜல்லியில் தடுமாறி, எதிர் பிளாட்பாரத்தில் ஏற 10 நொடி ஆகிறது என்று வைப்போம். அதற்குள் ரயில் 250 மீட்டர் வந்திருக்கும். அதாவது ஒரு 12 பெட்டி மின்சார ரயிலின் நீளம். பிளாட்பாரமோ தண்டவாள மட்டத்திலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல் உயரம். கையில் ரெண்டு பை இருந்தால் ஏறிப் பாருங்க... வேண்டாம், ஏறிப் பார்க்காதீங்க!

இன்னொரு ஆபத்து, ஒரு ரயில் போன உடனே அதன் பின்னால் தாண்டுவது. பக்கத்துப் பாதையில் வருவதை முதல் ரயில் மறைத்துவிடும். அதன் சத்தத்தில் இரண்டாவதின் சத்தமும் கேட்காது. காதில் இயர்போன் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மும்பை வடாலா ஸ்டேஷனில் 2010 வாக்கில் 'ஃபைனல் மைல்' என்ற ஆலோசனை நிறுவனம் ஒரு சோதனை செய்தது. தண்டவாளத்தின் அடியில் இருக்கும் கட்டைகளில் சில இடங்களில் மஞ்சள் வண்ணம் பூசினார்கள். ரயில் அவற்றைத் தாண்டித் தாண்டி வரும்போது அதன் வேகம் கண்ணுக்குப் பிடிபடும். ஒரே நீள ஹாரனுக்குப் பதிலாக ரெண்டு குட்டி ஹாரன். 'கடக்காதீர்' பலகைக்குப் பதிலாக, ரயில் மோதப்போகும் ஒருவரின் உறைந்த முகம், மூன்று படங்களாக. செலவு குறைவு, பலன் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. பலகையில் எழுதியதை நாம் படிப்பதில்லை. முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

சட்டத்தையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி அத்துமீறித் தண்டவாளத்தில் இறங்கினால் 6 மாதம்வரை சிறை, அல்லது 1,000 ரூபாய்வரை அபராதம், அல்லது ரெண்டும்.

சரி, அந்த நண்பர் என்ன ஆனார்?

இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார். தணிகாசலம் சாலையில் மாநகராட்சி கட்டிய பல அடுக்கு பார்க்கிங்கில் 222 கார்கள், 513 டூவீலர்கள் நிறுத்தலாம். பிறகு ஏன் தெருவில் தேடணும்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ந்தார். தெருவோரம் இலவசமாகவோ மலிவாகவோ இருந்தால் எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள் என்றார். தெருவோர இடங்களில் 85 சதவிகிதம் நிரம்பி, ஒன்றிரண்டு எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணம் வைக்கணும் என்பது அவர் வழி. தெருவில் விடுவது கட்டடத்தைவிட மலிவாக இருக்கிற வரை, எத்தனை மாடி கட்டினாலும் உங்க நண்பர் சுற்றுவார்.

கட்டணத்தோடு வடிவமைப்பும் சேரணும். காரின் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். திருப்ப, போக, வர பாதையையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 300 சதுர அடி ஆகும். சென்னையில் அந்த அளவில் ஒரு குடும்பமே குடியிருக்கிறது. காரை நிறுத்தும் இடத்தில் மட்டும் ஆறு பைக் நிறுத்தலாம். தி.நகர் மாதிரி இடத்தில் எனக்கு பைக்குகளுக்குக் கூடுதல் தளம் கொடுப்பதுதான் நியாயமாகப் படுகிறது.

நல்ல பார்க்கிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? காரைவிட்டு இறங்கினதும் பாருங்க. லிஃப்டுக்குப் போக தனிக் கோடு போட்ட நடைபாதை இருக்கா, இல்லை கார்களுக்கு நடுவே புகுந்து போகணுமா? படிக்கட்டு வெளியிலிருந்து தெரியும்படி வெளிச்சமா இருக்கா? சுவர் மூடிய இருட்டுப் படிக்கட்டில் இரவு ஒன்பது மணிக்குப் பெண்கள் ஏறத் தயங்குவார்கள். கார் உள்ளே நுழையும் இடத்தில் தெரு நடைபாதை அதே மட்டத்தில் தொடரணும், அறுந்துபோகக் கூடாது. கோபன்ஹேகனில் 2016-ல் கட்டிய 'பார்க் அண்ட் ப்ளே' கட்டடத்தில் வெளிப்புறப் படிக்கட்டே அழகான வழி, மொட்டைமாடி முழுக்கக் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. ரயிலைத் தாண்டும் பாலத்தை ஒரு திட்டமாகவும் பார்க்கிங்கை வேறொரு திட்டமாகவும் பார்க்கிறோம். மேற்கு மாம்பலம் பக்கம் ஸ்டேஷனை ஒட்டி பெரிய டூவீலர் பார்க்கிங் இருந்து, அங்கிருந்து லிஃப்டில் ஏறி ஆகாய நடைபாதைக்குப் போக முடிந்தால், அந்தப் பக்கத்து மக்கள் கடைக்கு வர துரைசாமி சுரங்கப்பாதையில் வண்டியை உருட்டவே வேண்டாம். சுரங்கத்தில் தண்ணீர் நிற்கும் நாளிலும் நடந்து வந்துவிடலாம்.

அதுவரைக்கும் இந்தப் பண்டிகைக்கு மின்சார ரயிலில் வந்துடுங்க. கார்தான் என்றால் பார்க்கிங்கில் விட்டதும் தளம், தூண் எண் ரெண்டையும் போட்டோ எடுத்துக்கோங்க. அம்மாவைக் கூட்டிட்டு வர்றீங்கன்னா, பாத்திரக் கடையைக் கடைசியில் வச்சுக்கோங்க. வெயிட்டைத் தூக்கிக்கிட்டு லிஃப்ட் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம்!